வேலை தூங்கும் இடம்

ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் மொபைல் ஆப். பாலிசிதாரர் தன் நாமினியின் பெயரை ஆப்பிலேயே மாற்றிக்கொள்ள வசதி வேண்டும் என்று பிசினஸ் தரப்பு கேட்கிறது. கற்பனை உதாரணம்தான். ஆனால் ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் யாருக்கும் அந்நியமாகத் தெரியாது.

திங்கள்கிழமை ஜிராவில் டிக்கெட் விழுகிறது. பிசினஸ் அனலிஸ்ட் அதைக் கையில் எடுக்கவே ஒரு வாரம் ஆகிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து டாக்குமென்ட் எழுதி அனுப்புகிறார். ஒப்புதல் தரவேண்டியவர் லீவில் இருக்கிறார், நான்கு நாள் போகிறது. ஸ்கிரீன் டிசைன் டீமில் அரை நாள் வேலை, அதற்கு ஆறு நாள் வரிசை. ஆப் டெவலப்பர் ஒரே நாளில் முடித்துவிடுகிறார். ஆனால் அவருக்கு வேண்டிய ஏபிஐ இன்னொரு டீமின் கையில் இருக்கிறது. அவர்களுடைய ஸ்பிரிண்ட் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. "அடுத்த ஸ்பிரிண்டில் பார்க்கலாம் பாஸ்" என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு நாளில் ஏபிஐ தயார். டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். அதற்கு டிபிஏவிடம் தனி டிக்கெட். மூன்று நாள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் போட்டுத் தருகிறார். டெஸ்டிங் டீம் வேறொரு ரிலீஸில் மாட்டிக்கொண்டிருப்பதால் ஐந்து நாள். டெஸ்டர் ஒரு பக் கண்டுபிடிக்கிறார். டெவலப்பர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். தான் எழுதிய கோடே அவருக்கு மறந்துவிட்டது. சரிசெய்து திரும்பி வந்தால் இந்த மாத ரிலீஸ் முடிந்திருக்கிறது. இனி அடுத்த மாதம்தான்.

கூட்டிப் பாருங்கள். கைவைத்துச் செய்த வேலை நான்கு நாளைத் தாண்டாது. நாட்காட்டியில் ஓடியது இரண்டரை மாதம்.

இதில் யாரும் சோம்பேறி இல்லை. எல்லோருடைய டைம்ஷீட்டும் நிரம்பி வழிகிறது. ஸ்டாண்டப்பில் எல்லோரும் பிஸி என்றுதான் சொன்னார்கள், அதில் பொய்யும் கிடையாது. ஆட்கள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள், வேலை மட்டும் வரிசையில் படுத்துத் தூங்கியது. புதிதாக டீம் லீட் ஆனவர்கள் பெரும்பாலும் ஆட்களின் வேகத்தைக் கூட்டத்தான் பாடுபடுகிறார்கள். அங்கே கிடைக்கும் லாபம் சொற்பம். இந்த உதாரணத்தில் எல்லோருமே இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்திருந்தாலும் இரண்டரை மாதத்தில் இரண்டு நாள்தான் மிச்சமாகியிருக்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், ஒரு மதியப் பொழுது போதும். உங்கள் டீம் கடைசியாக முடித்த பத்து டிக்கெட்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றின் ஹிஸ்டரியிலும் நிலை மாறிய தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். எக்செல்லில் இரண்டு நெடுவரிசை போடுங்கள்: வேலை நடந்த நேரம், சும்மா கிடந்த நேரம். சும்மா கிடந்த ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில், எங்கே கிடந்தது, யாருக்காகக் கிடந்தது என்று எழுதுங்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் பொருள் நகரும் பாதையை இப்படி வரைந்து பார்க்கும் வழக்கம் உண்டு. மேரி பாப்பன்டீக், டாம் பாப்பன்டீக் தம்பதி 2003ல் வெளியிட்ட புத்தகம் அதை சாஃப்ட்வேர் உலகத்துக்குக் கொண்டுவந்தது.

அளக்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறுவீர்கள். ஒன்று, 'இன் ப்ராக்ரஸ்' என்று ஜிரா காட்டும் நாட்கள். டிக்கெட்டைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டு யாருடைய பதிலுக்காகவோ காத்திருந்த நாட்களும் அதில் அடங்கும். டெவலப்பரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால்தான் உண்மை வரும். இரண்டாவது, கணக்கைத் தொடங்கும் நாள். பல டீம்கள் ஸ்பிரிண்டில் சேர்த்த நாளிலிருந்து எண்ணுகின்றன. வாடிக்கையாளர் கேட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். முடிவு என்பதும் 'டன்' என்று நகர்த்திய நாள் கிடையாது, பயனாளியின் போனில் அந்த வசதி வந்த நாள்.

பத்து டிக்கெட்டை இப்படிப் பிரித்தால் காத்திருப்பு சீராகப் பரவியிருக்காது. இரண்டு மூன்று இடங்களில் குவிந்திருக்கும். அந்த இடங்களில் பெரும்பாலானவை ஒரு டீமிலிருந்து இன்னொரு டீமுக்கு வேலை கைமாறும் இடங்களாக இருக்கும். இந்தக் கட்டுரையில் மீதி எல்லாமே அந்த இடங்களைப் பற்றித்தான்.

எல்லோரும் பிஸி என்பதுதான் வியாதி

நம் ஊர் சர்வீஸ் கம்பெனிகளில் மேனேஜரின் தூக்கத்தைக் கெடுக்கும் சொல் பெஞ்ச். ஆளுக்கு இத்தனை மணி நேரம் பில் என்பது வருமானக் கணக்கு. அதனால் எந்நேரமும் எல்லோர் கையிலும் வேலை இருந்தாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். வரிசைகளைப் பற்றிய கணிதம் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது.

ஒரே ஒரு டிபிஏ, எப்போது வேண்டுமானாலும் வந்து விழும் டிக்கெட்டுகள் என்ற எளிய நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், ஒரு டிக்கெட் வரிசையில் நிற்கும் சராசரி நேரம் அதைச் செய்து முடிக்க ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதம் நிரம்பினால் 9 மடங்கு. 95க்குப் போனால் 19 மடங்கு. 80ஐ 95ஆக்கி 15 சதவீத 'வீணடிப்பை' நிறுத்திய மேனேஜர் காத்திருப்பை ஏறக்குறைய ஐந்து மடங்காக்கிவிட்டார், அதற்கு அப்ரைசலில் நல்ல ரேட்டிங்கும் வாங்கியிருப்பார். 108 ஆம்புலன்ஸ் சும்மா நிற்கிறதே, டிரைவருக்குச் சம்பளம் தண்டம் என்று யாரும் சொல்வதில்லை. பல டீம்கள் நம்பியிருக்கும் ஒற்றை ஆளுக்கும் அந்தச் சலுகை வேண்டும்.

ஜான் லிட்டில் 1961ல் நிரூபித்த ஒரு எளிய சூத்திரமும் கைகொடுக்கும். கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை வாரத்துக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே கிடக்கும் சராசரி நேரம் வந்துவிடும். டீம் கையில் 30 டிக்கெட், வாரத்துக்கு 10 முடிகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம். முடிக்கும் வேகம் அப்படியே இருக்க, கையில் எடுப்பதை 15ஆகக் குறைத்தால் ஒன்றரை வாரம். ஆள் எடுக்க வேண்டாம், வார இறுதியில் வரச்சொல்ல வேண்டாம். புதிதாக ஒன்றைத் தொடங்குமுன் பழையதில் ஒன்றை முடிக்கவேண்டும் என்ற ஒரே கட்டுப்பாடு. சொல்வது சுலபம். "இதையும் சேர்த்துப் பார்த்துக்கோங்க" என்று கிளையன்ட் சொல்லும்போது, பட்டியலைக் காட்டி, "எதை இறக்கி வைக்கட்டும்?" என்று கேட்கும் துணிச்சல் லீடுக்கு வேண்டும். முகம் சுளிக்காமல் அதைக் கேட்கப் பழகுங்கள். லீட் வேலையில் பாதி அதுதான்.

டீமைப் போலவே சாஃப்ட்வேர்

மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினியாளர் ஒரு கட்டுரை எழுதி ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுக்கு அனுப்பினார். நிரூபணம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். டேட்டாமேஷன் என்ற பத்திரிகை 1968 ஏப்ரலில் அதை வெளியிட்டது. அவர் சொன்னது இதுதான்: ஒரு நிறுவனம் வடிவமைக்கும் எந்த அமைப்பும் அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதையே அச்சாகக் கொண்டிருக்கும். அவர் கொடுத்த உதாரணம் வேடிக்கையானது. ஒரு நிறுவனத்தில் எட்டுப் பேர், இரண்டு கம்பைலர் எழுத வேண்டும். ஐந்து பேரைக் கோபோலுக்கும் மூன்று பேரை அல்காலுக்கும் போட்டார்கள். கோபோல் கம்பைலர் ஐந்து கட்டமாக ஓடியது, அல்கால் கம்பைலர் மூன்று கட்டமாக ஓடியது. பிரெட் புரூக்ஸ் 1975ல் தன் புத்தகத்தில் இதற்குக் கான்வே விதி என்று பெயர் சூட்டினார், அதுவே நிலைத்துவிட்டது.

விதியைத் தெரிந்துகொண்டால் போதாது, பயன்படுத்த வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு படம் வரையுங்கள். முதல் படத்தில் எந்த மாட்யூல் எதைக் கூப்பிடுகிறது. இரண்டாவதில் ஒரு சாதாரண மாற்றத்துக்கு எந்த டீம் எந்த டீமோடு பேசியாக வேண்டும். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் 'சிங்க்-அப் கால்'கள் முளைக்கும். வாராவாரம் இருபது பேர் கலந்துகொள்ளும் ஒரு கால் உங்கள் காலண்டரில் இருந்தால், அது ஏதோ ஒரு தவறான வெட்டின் மேல் போட்ட பிளாஸ்திரி என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. மருத்துவக் காப்பீடு எடுக்க மக்களுக்காகக் கட்டப்பட்ட தளம், 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. அன்றைய முடிவில் காப்பீட்டுத் திட்டம் எடுத்து முடித்தவர்கள் 6 பேர் என்று, பின்னர் அந்நாட்டுக் காங்கிரஸ் குழு வெளியிட்ட உள் குறிப்புகள் காட்டின. வேலையில் இருந்தவை 50க்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள். கணக்குத் தொடங்கும் பகுதியும் அரசுத் துறைகளின் தரவுகளை இணைக்கும் பகுதியும் ஒருவரிடம், தளத்தின் பெரும்பகுதி இன்னொருவரிடம். எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் பொறுப்பை மெடிகேர், மெடிகெய்ட் திட்டங்களை நடத்தும் மத்திய அமைப்பே வைத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய மென்பொருளை ஒருங்கிணைத்த அனுபவம் அதற்கு இல்லை. முழுப்பாதையையும் தொடக்கம் முதல் கடைசிவரை சோதித்தது திறப்பு விழாவுக்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் என்று ஒப்பந்த நிறுவனத்தார் காங்கிரஸ் விசாரணையில் சொன்னார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் பகுதி சரியாகத்தான் இருக்கிறது என்றது. அதிலும் ஓரளவு உண்மை இருந்திருக்கும். நாமினி டிக்கெட்டில் எல்லோரும் பிஸியாக இருந்ததைப் போலத்தான்.

மீட்பு எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். கூகுளில் தளப் பராமரிப்பு பார்த்த மைக்கி டிக்கர்சன் உள்ளிட்ட ஒரு சிறு குழு வந்தது. முதல் வேலையாக, தளம் எப்படி ஓடுகிறது என்று ஒரே பார்வையில் காட்டும் டாஷ்போர்டைக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒன்று இல்லாமலேயே அவ்வளவு பெரிய தளம் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலை ஒன்று, மாலை ஒன்று என்று கூட்டம். எல்லா நிறுவனத்தாரும் ஒரே அறையில், வெளியூர்க்காரர்கள் போனில். பழியை யார் தலையில் போடலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பதவியில் பெரியவர் பேசக்கூடாது, விஷயம் தெரிந்தவர் பேச வேண்டும். இதற்கிடையில் ஒப்பந்த நிறுவனங்களில் ஒன்றுக்கு முழு ஒருங்கிணைப்புப் பொறுப்பும் கொடுக்கப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில் தளம் ஒரே நேரத்தில் 50,000 பேரைத் தாங்கும் என்று அரசு அறிவித்தது. அதே நிறுவனங்கள், பெரும்பாலும் அதே ஆட்கள். யார் யாரோடு நேராகப் பேசலாம் என்பது மாறியிருந்தது, ஏறக்குறைய அந்த அளவுக்குத் தளமும் மாறியது.

அமேசானிடம் எதைக் காப்பி அடிப்பது

டீம் அமைப்பு என்றதும் எல்லோரும் சொல்வது அமேசானின் பீட்சா கதை: இரண்டு பீட்சாவில் பசி தீரும் அளவுக்கு டீம் சிறியதாக இருக்க வேண்டும். கதையின் முன்பாதியைச் சொல்பவர்கள் குறைவு. ஆரம்ப நாட்களில் அமேசான் தளத்தின் பெரும்பகுதி ஒபிடோஸ் என்ற ஒற்றை மென்பொருளாக இருந்தது. எந்த டீம் எதைத் தொட்டாலும் இன்னொரு டீமின் உதவி வேண்டியிருந்தது. யாருக்கு யார் உதவுவது என்று முடிவுசெய்யக் காலாண்டுதோறும் ஒரு பெரிய சடங்கு நடந்தது. டீம்கள் விண்ணப்பம் போடும், பெரும்பாலானவை நிராகரிக்கப்படும். அங்கே பல வருடம் இருந்த காலின் பிரையர், பில் கார் இருவரும் 2021ல் எழுதிய புத்தகத்தில் அந்தச் சடங்கை ஒருவருக்கும் பிடிக்கவில்லை என்கிறார்கள்.

பேச்சுத் தொடர்பை இன்னும் நன்றாக ஒழுங்குபடுத்துவோம் என்றுதான் பொதுவாக நிர்வாகங்கள் கிளம்பும். ஜெஃப் பெசோஸ் கேட்டது வேறு: பேச வேண்டிய தேவையையே குறைக்க முடியுமா? அதனால் டீமும் மென்பொருளும் ஒன்றாகவே பிரிக்கப்பட்டன. ஒரு டீமின் தரவு வேண்டுமென்றால் அதன் ஏபிஐ வழியாகத்தான் எடுக்கலாம், டேட்டாபேஸில் நேரே கைவைக்கக்கூடாது. எழுதிய டீமே ஓட்டவும் வேண்டும் என்று தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் 2006ல் ஒரு பேட்டியில் சொன்னார். இரவு இரண்டு மணிக்கு அலர்ட் வந்தால் எழுந்திருக்கப் போவது தானே என்று தெரிந்தவர் எழுதும் கோட் வேறு மாதிரி இருக்கும்.

பீட்சா எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அமேசானே பிறகு அந்த அளவுகோலைத் தளர்த்தியது. டீம் சிறியதா பெரியதா என்பதைவிட, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத, முடிவெடுக்கும் உரிமையுள்ள ஒரு தலைவர் இருக்கிறாரா என்பதுதான் பலனைத் தீர்மானித்தது என்று அதே புத்தகம் சொல்கிறது. நம் அலுவலகங்களில் மூன்று பிராஜெக்ட்டுக்கு 33 சதவீதம் வீதம் ஒதுக்கப்படும் மேனேஜர்களை நினைத்துப் பாருங்கள். இதே கதிதான் ஸ்பாட்டிஃபைக்கும். அங்கே டீம்கள் எப்படி இயங்குகின்றன என்று ஹென்ரிக் க்னிபெர்க்கும் ஆண்டர்ஸ் இவார்சனும் 2012ல் எழுதியபோதே, இது பயணத்தின் நடுவில் எடுத்த ஒரு படம்தான் என்று சொல்லிவிட்டார்கள். உலகம் முழுக்கக் கம்பெனிகள் டீமுக்கு 'ஸ்குவாட்' என்று பெயர் மாற்றி, ஐடி கார்டை மட்டும் புதிதாக அடித்துக்கொண்டன.

எந்த டீமுக்கு எந்த வேலை

நடைமுறையில் உதவும் ஒரு வகைப்பாடு மேத்யூ ஸ்கெல்டனும் மானுவல் பயஸும் 2019ல் தந்தது. டீம்களை நான்கே வகையாக்குகிறார்கள். பெரும்பான்மை டீம்கள் வாடிக்கையாளருக்குப் போகும் ஒரு முழுப் பாதையைத் தொடக்கம் முதல் முடிவுவரை வைத்திருக்க வேண்டும். நாமினி மாற்றம் போன்ற வேலை வந்தால் ஸ்கிரீன், ஏபிஐ, டேட்டாபேஸ், டெஸ்டிங் எல்லாம் அந்த ஒரு டீமுக்குள்ளேயே முடிந்துவிடும். அவர்களுக்குப் பொதுவான வசதிகளைச் செய்துகொடுப்பது பிளாட்ஃபார்ம் டீம். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் டீம் ஒன்று. கடினமான கணிதமோ சிறப்பு அறிவோ வேண்டிய பகுதிக்கு மட்டும் தனி டீம் ஒன்று. இன்சூரன்ஸில் பிரீமியம் கணக்கிடும் எஞ்சின் அப்படி ஒரு பகுதி.

இதில் அதிகம் கெட்டுப்போவது பிளாட்ஃபார்ம் டீம்தான். பழைய இன்ஃப்ரா டீமின் கதவில் புதுப் பலகை மாட்டிவிட்டு, முன்பு போலவே டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சோதித்துப் பார்ப்பது சுலபம். புதிதாகச் சேர்ந்த டெவலப்பர் ஒருவர், யாரிடமும் கேட்காமல், தனக்கு ஒரு டெஸ்ட் சர்வரும் டேட்டாபேஸும் எடுத்துக்கொள்ள முடிகிறதா? முடிந்தால் அது பிளாட்ஃபார்ம். டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டுமென்றால் இன்னொரு வரிசை.

எல்லாவற்றையும் ஒரே டீமுக்குக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கே ஒரு எல்லை இருக்கிறது: ஒரு டீமின் மண்டையில் எவ்வளவு ஏறும் என்பது. அந்த டீமின் வசமுள்ள எல்லாப் பகுதிகளையும் பலகையில் எழுதி, இரவு இரண்டு மணிக்கு இது விழுந்தால் தனியாகச் சமாளிப்பீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பாதிப் பகுதிகளுக்கு ஒருவர் மட்டுமே கை தூக்கினால் டீமின் சுமை கூடிவிட்டது. அந்த ஒருவர் நோட்டீஸ் பீரியடில் இருந்தால் இன்றைக்கே மேனேஜரைப் பாருங்கள்.

சாஃப்ட்வேரை எங்கே வெட்டுவது

டேவிட் பார்னஸ் 1972ல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் பழசாகவில்லை. ஒரு புரோகிராமை அது செய்யும் படிகளின் வரிசைப்படி வெட்டாதீர்கள், பின்னால் மாற வாய்ப்புள்ள முடிவுகளைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்துவையுங்கள் என்றார். ஒரு மாற்றம் வந்தால் ஒரே மாட்யூல்தான் அசைய வேண்டும். பழைய ரிலீஸ்களைப் பாருங்கள்: எந்தெந்த ஃபைல்கள் எப்போதும் ஒன்றாகவே மாறியிருக்கின்றன என்று கிட் வரலாறு சொல்லிவிடும். அவை இரண்டு டீம்களிடம் பிரிந்து கிடந்தால், பிரித்தவர் தப்பான இடத்தில் வெட்டியிருக்கிறார்.

இதைப் படித்தவுடன் மைக்ரோசர்வீஸ் என்று கிளம்பிவிடாதீர்கள். செக்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் தரவைப் பல இடங்களுக்கு அனுப்பும் தன் அமைப்பை, போகும் இடத்துக்கு ஒரு சர்வீஸ் என்று பிரித்தது. எண்ணிக்கை 140ஐத் தாண்டியது. மூன்று என்ஜினியர்கள் தங்கள் நேரத்தின் பெரும்பகுதியை அதை உயிரோடு வைத்திருப்பதற்கே செலவிட்டார்கள். கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி ஒரே சர்வீஸாகச் சேர்த்துவிட்டதை 2018ல் வெளிப்படையாக எழுதினார்கள். பத்துப் பேர் கொண்ட ஒரு டீமிடம் நாற்பது சர்வீஸ் இருந்தால் கான்வே சொன்னபடி ஏதோ பிசகியிருக்கிறது. ஒரே கோட்பேஸுக்குள் மாட்யூல் எல்லைகளை ஒழுங்காகப் போட்டுக்கொள்வது பல இடங்களில் போதும். சர்வீஸ்களைப் பிரித்துவிட்டு டேட்டாபேஸை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு பக்கத்துத் தொல்லையும் அவர்களுக்கே.

இந்த நாற்காலியிலிருந்து என்ன செய்யலாம்

ஆர்க் சார்ட்டை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்காது. ஆனால் நீங்கள் இருக்கும் இடத்திலேயே செய்யக்கூடியவை உண்டு. டெஸ்டராக இருந்தால், டிக்கெட் எழுதப்படும் நாளிலேயே உள்ளே போய் உட்காருங்கள். "நாமினி மைனராக இருந்தால் கார்டியன் பெயர் கேட்கணுமா?" என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்டால் ஐந்து நிமிடம். ஏழாவது வாரத்தில் 'பக்' என்று பதிவு செய்தால் ஒரு மாத ரிலீஸ் போய்விடும். டெவலப்பராக இருந்தால், காலையில் புதுக் கோட் எழுதத் தொடங்குமுன் மற்றவர்களின் ரிவ்யூவை முடியுங்கள். உங்கள் பெயரில் தேங்கி நிற்பது இன்னொருவரின் முடிந்த வேலை.

அமெரிக்கக் கிளையன்ட்டுக்கு வேலை செய்யும் லீடுகளுக்குத் தனித் தலைவலி. சென்னையில் காலை பதினொரு மணிக்கு எழும் சந்தேகத்துக்கு இரவு ஏழரைக்குத்தான் பதில் வரும். ஒரு கேள்விக்கு ஒரு நாள். டிசைன் அங்கே, கோடிங் இங்கே, டெஸ்டிங் இன்னொரு வெண்டரிடம் என்று அடுக்கடுக்காகப் பிரித்த பிராஜெக்ட்டில் இந்தச் செலவு டிக்கெட்டுக்கு டிக்கெட் ஏறும். கேட்டுப் பெற வேண்டியது இரண்டு: ஒரு முழு வசதியை ஆரம்பம் முதல் கடைசிவரை சென்னை டீமிடமே விடுவது, சின்ன முடிவுகளை இங்கேயே எடுக்க ஒருவருக்கு எழுத்துபூர்வமான உரிமை தருவது. எது சின்ன முடிவு என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுவிடுங்கள், பிறகு சண்டை வராது.

மேனேஜரிடம் போகும்போது கான்வே, பார்னஸ் பெயரெல்லாம் எடுக்க வேண்டாம். அந்தப் பத்து டிக்கெட் எக்செல்லைத் திறந்து வையுங்கள். "சார், இதில் டிபிஏவுக்காக மட்டும் இத்தனை நாள் காத்திருந்திருக்கிறோம். ஒரு காலாண்டுக்கு வாரத்தில் இரண்டு அரை நாள் அவர் எங்களோடு உட்கார முடியுமா? அதன் பிறகு இதே கணக்கை மறுபடி போட்டுக் காட்டுகிறேன்" என்று கேளுங்கள். சீரமைப்புத் திட்டம் என்று கொண்டுபோனால் கமிட்டி போடுவார்கள். ஒரு ஆளின் இரண்டு அரை நாள் என்றால் போனிலேயே முடிந்துவிடும்.

காலாண்டு முடிவில் எதை அளப்பது? நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018ல் வெளியிட்ட ஆய்வு நான்கைச் சொல்கிறது: எத்தனை நாளுக்கு ஒருமுறை ப்ரொடக்ஷனுக்குப் போகிறோம், எழுதிய கோட் அங்கே சேர எவ்வளவு நேரம், போனவற்றில் எத்தனை கோளாறாயின, கோளாறிலிருந்து மீள எவ்வளவு நேரம். அடிக்கடி வெளியிடும் டீம்களே நிலையாகவும் இருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. வேகம் கூடினால் தரம் குறையும் என்று ரிலீஸ் கமிட்டியில் யாராவது சொன்னால் இதை எடுத்துக்காட்டலாம். ஆனால் இந்த எண்களைத் தனி ஆட்களின் அப்ரைசலில் மட்டும் நுழைய விடாதீர்கள். அடுத்த மாதமே எல்லா எண்களும் பிரமாதமாகிவிடும், வேலை அதே இடத்தில் நிற்கும்.

வேலை மாறப்போகிறீர்களா? ரெஸ்யூமேயில் 'அஜைல், ஸ்க்ரம் அனுபவம்' என்ற வரி எல்லோரிடமும் இருக்கிறது. 'மாற்றம் கேட்ட நாளிலிருந்து ப்ரொடக்ஷன்வரை ஆகும் காலத்தை இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைத்தோம், இந்தக் கைமாற்றலை நீக்கினோம்' என்ற வரி அபூர்வம். உங்களிடம் அந்தக் கணக்கு இருந்தால் முதல் பக்கத்தில் போடுங்கள். இன்டர்வியூ முடியும்போது "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பாப்பன்டீக் தம்பதி தங்கள் இன்னொரு புத்தகத்தில் தந்த கேள்வியைக் கேளுங்கள்: ஒரே ஒரு வரி கோட் மாற்றினால், அது ப்ரொடக்ஷனுக்குப் போக உங்கள் கம்பெனியில் எவ்வளவு நாள் ஆகும்? எச்.ஆர். ரவுண்டில் இதைக் கேட்டுப் பயனில்லை. டெக்னிக்கல் ரவுண்டில், உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் டெவலப்பரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லுமுன் பக்கத்தில் இருக்கும் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்து போடுமுன் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்.